தலைக்காயம் ஆறிய பிறகு: கை மறக்காது, கணக்கு மறக்கும்

குமரி மாவட்டத்தில் அருமனை, குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் விடியுமுன் நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு பால்வெட்டும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வயது நாற்பது, வெட்டுக்கு வந்து இருபது வருடம். ஹெல்மெட் இல்லாமல் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடி. பன்னிரண்டு நாள் ஐ.சி.யு., ஒரு மாதத்தில் வீடு. மூன்றாம் மாதம் நடக்கிறார், பேசுகிறார், தானே சாப்பிடுகிறார். ஐந்தாம் மாதம் கத்தியைக் கையில் கொடுத்தால் இடது மேலிருந்து வலது கீழாக, பழைய 30 டிகிரிச் சரிவிலேயே பட்டையைச் சீவுகிறார். பட்டைக்கு உள்ளேயிருக்கும் உயிர்ப்படலமான காம்பியத்தில் கத்தி படவில்லை, மரத்தில் காயமில்லை.

ஆனால் மரங்களை இரண்டு பாதியாகப் பிரித்து நாள்விட்டு நாள் மாறிமாறி வெட்டவேண்டிய இடத்தில், நேற்று வெட்டிய பாதியையே இன்றும் வெட்டுகிறார். சிரட்டையில் பால் நிறைந்து எடுக்கவேண்டிய நேரத்தில் சாயாக்கடையில் உட்கார்ந்திருக்கிறார். ஆசிட் ஊற்றினாயா என்றால் ‘ஊத்தியாச்சு’ என்கிறார்; டிஷ்ஷில் பால் உறையாமல் கிடக்கிறது. ஊர் கேட்கிறது: “சொகமாயிட்டுல்லா? பின்ன என்னத்துக்கு இப்பிடி மடி பிடிச்சு நடக்கான்?”

மடி, அதாவது சோம்பல், அல்ல. வெட்டும் திறன் மூளையில் சில இடங்களைச் சார்ந்தது. எதை, எப்போது, எந்த வரிசையில் செய்வது என்பது வேறிடங்களைச் சார்ந்தது. முதலாவது தப்பிவிட்டது, இரண்டாவதில் அடி. தலைக்காயத்துக்குப் பிந்தைய நீண்ட கால வாழ்க்கையைப் பற்றி, மூளைக்கும் நடத்தைக்கும் உள்ள தொடர்பை ஆராயும் நரம்பு உளவியல் கண்டுபிடித்தவற்றில் பெரும்பகுதி இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பற்றியதுதான்.

அடி எங்கே விழுகிறது

மூளை ஏறக்குறைய 1.3 கிலோ எடையுள்ள, இளகிய பண்டம். மண்டையோட்டின் உட்தளம் மழமழவென்று இருப்பதில்லை. முன்பக்கமும் பக்கவாட்டிலும் மேடும் பள்ளமும் கூர் விளிம்புமாக இருக்கிறது. வேகமாகப் போன தலை சட்டென்று நின்றால் மூளை முன்னும் பின்னும் ஆடி அந்த மேடுகளில் உராய்கிறது. அதனால் அடி பின்மண்டையில் பட்டாலும்கூட நெற்றிக்குப் பின்னாலுள்ள நெற்றி மடலின் அடிப்பக்கமும் காதையொட்டிய பொட்டு மடலின் முனையும் கன்றிப்போவது வழக்கம். திட்டமிடுதல், கோபத்தை அடக்குதல், தன் தவறைத் தானே கவனித்தல் ஆகியவை நெற்றி மடலை நம்பி நிற்கின்றன. புதியவற்றைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் பொட்டு மடலின் உட்பக்கத்தில் இருக்கிறது.

இன்னொரு சேதம் கண்ணுக்கே தெரியாது. தலை திருகிச் சுழலும்போது மூளையின் தொலைதூரப் பகுதிகளை இணைக்கும் நீண்ட நரம்பிழைகள், அதாவது ஆக்சான்கள், இழுபட்டு முறுக்கேறுகின்றன. பல அந்த நொடியில் அறுவதில்லை. உள்ளே போக்குவரத்து நின்று, வீங்கி, சில மணி நேரங்களிலோ நாட்களிலோ துண்டாகின்றன. சி.டி. ஸ்கேன் இரத்தக்கட்டையும் எலும்பு முறிவையும் நன்றாகக் காட்டும், இழைச் சேதத்தைப் பெரும்பாலும் காட்டாது. ‘ஸ்கேனில் ஒன்றுமில்லை’ என்பதற்கு ‘அவசர ஆபரேஷன் தேவைப்படும் எதுவும் தெரியவில்லை’ என்பது மட்டுமே பொருள். இழைகள் சேதமானால் முதலில் குறைவது வேகம். பதில் சரியாக வரும், தாமதமாக வரும். இரண்டு பேர் ஒரே சமயத்தில் பேசினால் தலை சுற்றும்.

பழகிய கைத்தொழில் எப்படித் தப்புகிறது? அது மூளையின் ஆழத்திலுள்ள அடித்தள முடிச்சுகளையும் சிறுமூளையையும் சார்ந்தது. அமெரிக்காவில் ஹென்றி மோலேசன் என்பவருக்கு 1953-இல் வலிப்புக்காக இரு பக்க ஹிப்போகாம்பஸிலும் கணிசமான பகுதியை அகற்றினார்கள். அதன்பின் புதிதாக எதையும் நினைவில் வைக்க அவரால் முடியவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரைக் கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திர வடிவத்தைக் கோடு பிசகாமல் வரையச் சொன்னார். நாளுக்கு நாள் கை தேறியது. ஆனால் ஒவ்வொரு நாளும் ‘இதை நான் செய்ததே இல்லையே’ என்றார். கையின் நினைவும் நடந்ததன் நினைவும் வேறு வேறு என்பதற்கு இன்றும் இதைவிடத் தெளிவான சான்று தேவைப்படவில்லை.

எவ்வளவு பெரிய காயம்?

மருத்துவமனைச் சீட்டில் முதலில் வருவது ஜி.சி.எஸ். (கிளாஸ்கோ கோமா ஸ்கேல்) மதிப்பெண். கிளாஸ்கோவில் டீஸ்டேலும் ஜெனெட்டும் 1974-இல் வெளியிட்டது. கண் திறப்பது, பேசுவது, சொன்னபடி கை கால் அசைப்பது என்ற மூன்றையும் பார்த்து 3 முதல் 15 வரை மதிப்பெண் போடுவார்கள். 13 முதல் 15 லேசானது, 9 முதல் 12 நடுத்தரம், 8-உம் அதற்குக் கீழும் கடுமை. உயிர் பிழைக்கும் வாய்ப்பைக் கணிக்க இது பயன்படும். ஐந்து வருடம் கழித்து வேலையில் இருப்பாரா என்பதற்கு இது போதாது.

அதற்கு இன்னொரு அளவு கூடுதலாக உதவும்: மறதிக்காலம். அடிபட்ட நொடியிலிருந்து, நாளுக்கு நாள் தொடர்ச்சியாக நினைவு பதியத் தொடங்கும் நாள்வரை உள்ள காலம் அது. கோமாவில் இருந்த நாட்களும் இதில் சேரும். பிரிட்டிஷ் நரம்பியலாளர் ரிச்சி ரஸ்ஸல் 1930-களிலேயே இதன் முக்கியத்துவத்தைச் சொன்னார். ஒரு மணி நேரத்துக்குள் என்றால் லேசு. ஒரு நாளுக்குள் என்றால் நடுத்தரம். ஒரு வாரத்துக்குள் என்றால் கடுமை. அதைத் தாண்டினால் மிகக் கடுமை. நான்கு வாரத்தைத் தாண்டியவர்களிடம் நிரந்தரக் குறைகளை எதிர்பார்க்கத்தான் வேண்டும்.

வீட்டார் தவறுவது இந்த இடத்தில்தான். நோயாளி கண் திறந்து, மனைவியைப் பெயர் சொல்லி அழைத்து, கஞ்சி கேட்டுவிட்டால் ‘தெளிஞ்சிட்டு’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். மனைவியின் பெயர் பழைய நினைவு, அது எப்போதும் முதலில் வரும். கேட்கவேண்டியவை: இது எந்த இடம்? இன்று என்ன கிழமை? காலையில் யார் வந்துபோனார்கள்? நேற்றுக் காட்டிய மூன்று படங்கள் எவை? ஆஸ்திரேலியாவின் வெஸ்ட்மீட் அளவுகோல் இப்படிப் பன்னிரண்டு கேள்விகளை நாள்தோறும் கேட்கிறது. தொடர்ந்து மூன்று நாள் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு வந்தால்தான் மறதிக்காலம் முடிந்ததாகக் கொள்வார்கள்.

இந்தக் காலத்தில் நோயாளி நினைவின் ஓட்டையைக் கற்பனையால் அடைப்பார். படுக்கையை விட்டு இறங்காதவர் ‘நேத்து பேச்சிப்பாறை போனேன்’ என்பார். பொய் அல்ல, அவருக்கு அது நடந்ததுதான். வாதாடினால் எரிச்சல் ஏறும். ‘இது ஆசுபத்திரி, உனக்குத் தலையில அடி, நான் பக்கத்துல இருக்கேன்’ என்று ஒரே வாசகத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி, பெரிய எழுத்தில் நாளும் இடமும் எழுதிக் கண்ணெதிரே மாட்டுவது நல்லது. சொந்தக்காரர்கள் பத்துப் பேர் ஒன்றாக வந்து நிற்பது நல்லதல்ல. நம் ஊரில் அதைத் தடுப்பது லேசுமல்ல. இந்த நாட்களில் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்து வாங்காதீர்கள். விபத்து எப்படி நடந்தது என்று அவர் சொல்வதை வாக்குமூலமாக எடுத்துக்கொள்வதும் தவறு. அடிபட்ட நேரத்து நினைவு பதியவே இல்லை, பிற்பாடு திரும்பி வரவும் போவதில்லை.

மீட்சி எப்படிப் போகிறது

முதல் வாரங்களின் முன்னேற்றம் பெரும்பாலும் வீக்கமும் அழுத்தமும் வடிவதால் வருவது. அடுத்து, சேதமில்லாத பகுதிகள் விழித்துக்கொள்கின்றன: ஓரிடம் அடிபட்டால் அதோடு தொடர்புள்ள தூரத்து இடங்களும் சிறிது காலம் ஓய்ந்து கிடக்கும் என்று நரம்பியலாளர் வான் மொனாக்கோவ் 1914-இல் எழுதினார். மூன்றாவதாக, மீதமுள்ள செல்கள் புதிய இணைப்புகளை வளர்க்கின்றன. இது மெதுவானது, பயிற்சியைப் பொறுத்தது. முதல் இரண்டும் தாமாக நடக்கும் என்பதால், அந்த மாதங்களில் கொடுத்த எந்தச் சூரணத்துக்கும் எந்த வழிபாட்டுக்கும் பெயர் கிடைத்துவிடும்.

முதல் ஆறு மாதம் வேகம்; ஓராண்டு, இரண்டாண்டுவரை மெல்லிய ஏற்றம்; பிறகும் நின்றுவிடுவதில்லை, கவனித்துப் பார்த்தால்தான் தெரியும். ‘ஆறு மாசத்துல வந்தது வந்தது, இனி இல்ல’ என்ற பேச்சுக்கு ஆதாரமில்லை. டிராக்-டி.பி.ஐ. என்ற அமெரிக்க ஆய்வு 2021-இல் வெளியிட்ட கணக்குப்படி, கடுமையான காயம் பட்டவர்களில் இரண்டு வாரத்தில் நல்ல நிலையில் இருந்தவர்கள் எட்டில் ஒருவர். பன்னிரண்டு மாதத்தில் பாதிக்கும் சற்று அதிகம். நடுத்தரக் காயத்தில் ஓராண்டு முடிவில் முக்கால்வாசி. இரண்டாவது வாரத்தில் கையை விரிப்பது அவசரம் என்பதற்கு இது போதும். ஆனால் அந்த ஆய்வின் ‘நல்ல நிலை’ எது என்று பாருங்கள்: நாளில் எட்டு மணி நேரமாவது வீட்டில் துணையின்றி இருக்க முடிவதும் அதில் சேரும். வேலைக்குத் திரும்புவது வேறு கணக்கு. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஓராண்டு முடிவில் பத்தில் நான்கு பேர்தான் வேலையில் இருக்கிறார்கள்.

நடையும் பேச்சும் முந்தி வரும். கவனமும் வேகமும் நினைவும் பிந்தும். தன் குறையைத் தானே உணர்வது பலருக்கு எல்லாவற்றுக்கும் பிந்தும், சிலருக்கு வரவே வராது. கிளாஸ்கோவில் நீல் புரூக்ஸும் அவருடைய குழுவினரும் கடுமையான காயம் பட்டவர்களின் வீட்டாரிடம் ஓராண்டிலும் ஐந்தாண்டிலும் கேட்டார்கள். ‘ஆள் மாறிவிட்டார்’ என்று சொன்னவர்கள் குறையவில்லை, கூடினார்கள். ஐந்தாம் ஆண்டில் ஏறக்குறைய முக்கால்வாசி. மூளை இன்னும் கெட்டதால் இப்படி என்று கொள்ளவேண்டியதில்லை. முதல் ஆண்டில் உயிர் மிஞ்சிய சந்தோஷத்தில் பலதும் கண்ணில் படுவதில்லை. பிறகு கடனும் பிள்ளைகளின் படிப்பும் பழைய பொறுப்புகளைக் கேட்கும்போதுதான் குறை வெளியே தெரிகிறது.

மனச்சோர்வையும் இங்கேயே சொல்லவேண்டும். 2010-இல் வந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட தலைக்காயக்காரர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு முதல் ஆண்டுக்குள் மனச்சோர்வு நோய் இருந்தது. இது மருந்துக்கும் ஆலோசனைக்கும் கட்டுப்படக்கூடியது. ‘அடிபட்டா அப்பிடித்தான்’ என்று விட்டால் நினைவும் கவனமும் சேர்ந்து இறங்கும். எது காயத்தால், எது சோர்வால் என்று பிரிக்கவும் முடியாது.

பரிசோதனை அறையும் சந்தையும்

நரம்பு உளவியல் பரிசோதனை இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். மறதிக்காலத்தில் செய்வது வீண். பொதுவாக மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் ஒன்று, ஓராண்டில் மற்றொன்று. ஓர் உதாரணம்: பதினைந்து சொற்களை வாசித்துக்காட்டித் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். இப்படி ஐந்து முறை. நடுவில் வேறொரு பட்டியல். அரை மணி கழித்து முதல் பட்டியலை மீண்டும் கேட்பார்கள். ஐந்து முறையில் நான்கு, ஏழு, ஒன்பது என்று ஏறி, அரை மணியில் இரண்டுக்கு இறங்கினால் தங்கவைப்பதில் குறை. தானாகச் சொல்லவராமல், ‘இந்தச் சொல் இருந்ததா?’ என்று கேட்டால் சரியாகச் சொல்கிறார் என்றால் சரக்கு உள்ளே இருக்கிறது, தேடி எடுப்பதில்தான் குறை. முன்னவருக்கு நோட்டும் அலாரமும் வேண்டும். பின்னவருக்கு ஒரு சிறு துப்பு போதும். மொத்த மதிப்பெண் இருவருக்கும் ஒன்றாகவே இருக்கலாம். ஆகவே ரிப்போர்ட்டில் மதிப்பெண்ணை மட்டும் பார்க்காமல் ‘எந்த வகை மறதி’ என்று கேளுங்கள்.

தமிழக-கேரள எல்லைப்புறத்தில் மொழி ஒரு தனிச் சிக்கல். களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் வீட்டில் பேசுவது தமிழும் மலையாளமும் கலந்தது. சிலர் படித்தது மலையாளத்தில். திருவனந்தபுரத்தில் சிகிச்சை என்றால் பரிசோதிப்பவர் மலையாளம் பேசுவார், நாகர்கோவிலில் தமிழ். சரளமில்லாத மொழியில் சொற்பட்டியலைக் கொடுத்தால் மொழிக்குறை நினைவுக்குறையாகக் கணக்கில் ஏறும். எண்ணையும் எழுத்தையும் மாறிமாறி இணைக்கச் சொல்லும் சோதனையை அகர வரிசை பழகாதவருக்குக் கொடுத்தால் அவர் தோற்பது மூளையால் அல்ல. பெங்களூரிலுள்ள மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிமான்ஸ் 2004-இல் வெளியிட்ட சோதனைத் தொகுப்பில் எழுத்தறியாதவர்களுக்கும் தனி அளவுகள் உண்டு. முதுமை மறதிக்கான ஆடன்புரூக் சோதனையை திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிறுவனத்தின் மதுரநாத் மலையாளத்துக்கு ஏற்ப மாற்றியமைத்தார். மொழிபெயர்த்தால் போதாது, அந்த ஊர் ஆட்களிடமே அளவெடுக்கவேண்டும் என்பது அப்படிப்பட்ட வேலைகளின் பாடம். கனவு காண்பதும் காசு எண்ணுவதும் எந்த மொழியில் என்று பரிசோதகரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கண்ணாடியை எடுத்துப்போங்கள். முந்தின இரவு தூக்கம் வேண்டும். வலிப்பு மாத்திரைகளில் சில வேகத்தைக் குறைக்கும், அதனால் சீட்டையும் காட்டுங்கள்.

இவ்வளவு செய்தும் சோதனை ஏமாற்றலாம். லண்டனில் நரம்பு உளவியலாளர்கள் ஷாலிஸும் பர்கஸும் 1991-இல் நெற்றி மடல் காயம் பட்ட மூவரைப் பற்றி எழுதினார்கள். வழக்கமான சோதனைகளில் பெரும்பாலும் நன்றாகவே செய்தவர்கள். கடைத்தெருவுக்கு அனுப்பி, சில பொருள்கள் வாங்கு, குறித்த நேரத்தில் இன்ன இடத்தில் நில் என்று சிறு வேலைகளைக் கொடுத்தபோது குழம்பிவிட்டார்கள். காரணம் எளியது. அமைதியான அறையில் எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது, அடுத்தது என்ன என்பதையெல்லாம் பரிசோதகரே சொல்லிவிடுகிறார்; நோயாளியின் நெற்றி மடல் செய்யவேண்டிய வேலையை அவருடைய நெற்றி மடல் செய்கிறது. மார்த்தாண்டம் சந்தையில் ஐந்து சாமான், ஒரு மருந்துக்கடை, பதினொரு மணி பஸ் என்று அனுப்பிப் பத்தடி பின்னால் நடந்து பார்த்தால் அறையில் தெரியாதது தெரியும்.

தோட்டத்துக்குத் திரும்புவது

இரண்டாம் உலகப் போரில் தலையில் காயம் பட்ட சிப்பாய்களோடு யூரல் பகுதியில் வேலைசெய்த நரம்பு உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியாவின் அணுகுமுறை இன்றும் செல்லும்: போன வழியைத் திறக்க முடியாவிட்டால் வேறு வழியாக அதே இடத்துக்குப் போ. நினைவை வலுவாக்க முயல்வதைவிட, நினைவு தேவைப்படாதபடி வேலையை மாற்றியமைப்பது பலன் தருகிறது. போனில் விளையாடும் மூளைப் பயிற்சிகள் அந்த விளையாட்டில் மதிப்பெண்ணை ஏற்றும், ஆசிட் ஊற்ற நினைவூட்டாது.

நம் பால்வெட்டுக்காரருக்கு என்ன செய்யலாம்? முதல் பாதி மரங்களுக்கு மஞ்சள் பெயிண்ட் வளையம், மறு பாதிக்கு நீலம். புரையின் (தோட்டக் கொட்டகையின்) கதவில் ஒரு காலண்டர். வெட்டி முடித்ததும் அந்தத் தேதியில் அந்த நிறத்தைத் தீட்டிவிட்டுத்தான் கத்தியைக் கீழே வைக்கவேண்டும். பால் எடுக்க ஓர் அலாரம், ஆசிட்டுக்கு ஓர் அலாரம். அலாரத்தின் பெயரே ‘ஆசிட் ஊத்து’ என்று இருக்கட்டும், வெறும் மணியோசை என்றால் எதற்கு அடித்தது என்று மறக்கும். இங்கிலாந்தில் பார்பரா வில்சன் குழுவினர் 143 பேருக்கு இப்படிக் குறித்த நேரத்தில் செய்தி அனுப்பும் பேஜரைக் கொடுத்துப் பார்த்தார்கள். 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் அன்றாட வேலைகளில் தெளிவாக முன்னேறினார்கள். 2001-இல் பேஜர் செய்ததை இன்று சாதாரணப் போன் செய்யும்.

கற்பிக்கும்போது ‘அடுத்து என்ன, சொல்லு பாப்போம்’ என்று சோதிக்காதீர்கள். கடும் மறதி உள்ளவர் தவறாக ஊகித்தால், அது தவறு என்று நாம் சொன்னது மறந்துபோகும், தவறு மட்டும் கையில் படிந்துவிடும். ஊகிக்க இடம் கொடுக்காமல் சரியானதை முதலில் சொல்லி, செய்யவைத்து, துணையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதே சரியான முறை. பேட்லியும் வில்சனும் 1994-இல் காட்டியது இது.

அளவு முக்கியம். முழு நாளைக்கு 300 மரம் என்றால் முதல் வாரம் 40, 50 போதும். களைப்பு இவர்களுக்கு உடம்பில் தெரிவதற்கு முன் வேலையில் தெரியும்: வெட்டு ஆழமாகும், மரம் விட்டுப்போகும். எத்தனையாவது மரத்தில் தவறு தொடங்குகிறது என்று குறித்து, அதற்குப் பத்து மரம் முன்பே நிறுத்துங்கள். ஒரு வாரம் தவறில்லாமல் போனால் பத்து மரம் கூட்டலாம். முதலில் கணக்குப்பார்க்கத் துணையாள் ஒருவர் வேண்டும். கூலியில் பங்கு போகும், அதைக் குடும்பம் முன்கூட்டியே பேசித் தீர்ப்பது நல்லது.

விடிகாலை வெட்டுதான் இதில் பெரிய சங்கடம். வெயிலுக்கு முன் மரத்தில் பால் அழுத்தம் அதிகம், விளைச்சல் கூடும். ஆனால் கடுமையான தலைக்காயத்துக்குப் பின் வலிப்பு மாதங்கள், வருடங்கள் கழித்தும் வரலாம். தூக்கக் குறைவு அதைத் தூண்டும். இருட்டில் தனியாகக் கையில் கத்தியோடு இருப்பவருக்கு அது வரக்கூடாது. வெளிச்சம் வந்தபின் வெட்டிப் பால் கொஞ்சம் குறைந்தால் குறையட்டும். மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது, மது கூடாது, மருத்துவர் சொல்லும்வரை பைக்கும் கூடாது. வாரங்கள் கழித்துப் புதிதாகத் தலைவலி, தூங்கி விழுதல், நடையில் தள்ளாட்டம் என்று வந்தால், அதிலும் அறுபது தாண்டியவருக்கு, காத்திருக்காமல் ஸ்கேன் எடுக்கவேண்டும். மூளையுறைக்கு அடியில் மெல்லக் கசிந்து சேர்ந்த இரத்தமாக இருக்கலாம், அதை எடுத்துவிட முடியும்.

அடையாள அட்டை பற்றி ஒரு வார்த்தை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் தலைக்காயம் என்று தனி வகை இல்லை. காயம் விட்டுச்சென்ற குறை எந்த வகைக்குள் வருகிறதோ அதன்படியே மதிப்பிடுவார்கள். நன்றாக நடந்து, கேட்டதற்குப் பதில் சொல்லும் ஒருவர் பத்து நிமிட நேர்காணலில் குறையில்லாதவராகத் தெரிவார். நரம்பு உளவியல் ரிப்போர்ட்டோடு, தேதி போட்டு எத்தனை மரம் வெட்டினார், எத்தனை விட்டார், எந்த நாள் ஆசிட் மறந்தது என்று மூன்று மாதம் எழுதிய நோட்டையும் கொண்டுபோங்கள்.